அரசியல் அறத்தை எந்தத் துறையில் போய் ஆராய்வது?

முதுகலை முடித்த கையோடு, "அரசியல் அறம் பற்றி பி.எச்டி. செய்யணும், எந்தத் துறையில சேரலாம்?" என்று கேட்கும் மாணவர்கள் உண்டு. சட்டம், தத்துவம், அரசியல் அறிவியல், பொருளியல், மானிடவியல், வரலாறு என்று ஆறு துறைகளில் இதற்கு இடம் இருக்கிறது. ஆறிலும் ஒரே தலைப்பைக்கூட வைத்துக்கொள்ளலாம். ஆனால் நாலைந்து வருடம் கழித்து வெளியே வரும்போது, ஒவ்வொரு துறையும் உங்களை வேறொரு ஆளாக மாற்றியிருக்கும். எதைச் சான்று என்று நம்புவீர்கள், யாரைக் கேள்வி கேட்பீர்கள், எங்கே வேலை கிடைக்கும் எல்லாமே மாறிவிடும். அதனால் விண்ணப்பம் போடுவதற்கு முன்பே உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய விஷயம் இது.

பொதுவாகப் பேசினால் எல்லாத் துறையும் நல்ல துறையாகத்தான் தெரியும். அதனால் ஒரே கேள்வியை எடுத்து ஆறு இடத்திலும் கேட்டுப் பார்ப்போம். நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கேள்விதான்: ஓட்டுக்குப் பணம் வாங்கிக்கொண்டு வேறு ஆளுக்கு ஓட்டுப் போடுவது சரியா, தப்பா?

இது வெறும் கற்பனைக் கேள்வி இல்லை. 2009 ஜனவரியில் நடந்த திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பிறகு அந்த ஊரின் பெயரே ஓட்டுக்குப் பணம் கொடுக்கும் ஒரு 'ஃபார்முலா'வாக அழைக்கப்பட்டது. 2016இல் பணப் பட்டுவாடா காரணமாக அரவக்குறிச்சி, தஞ்சாவூர் சட்டமன்றத் தேர்தல்கள் ரத்தாகின. 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல், 2019 ஏப்ரலில் வேலூர் மக்களவைத் தேர்தல் என்று அது தொடர்ந்தது. மேடையிலேயே "அவங்க பணத்த வாங்கிக்கோங்க, ஓட்ட எங்களுக்குப் போடுங்க" என்று பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். அந்த ஒரு வரியை ஆறு துறைகளும் ஆறு விதமாகப் பார்க்கும்.

சட்டம்

மிக விரைவாகப் பதில் கிடைப்பது சட்டத்தில்தான். 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 123ஆம் பிரிவில் ஊழல் நடவடிக்கைகளைப் பட்டியல் போடும்போது லஞ்சத்தைத்தான் முதலில் வைக்கிறது. கொடுப்பது மட்டுமல்ல, வாங்குவதும் அதில் அடங்கும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 170ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. வாங்கிய பிறகு யாருக்குப் போட்டீர்கள் என்பது சட்டத்துக்குத் தேவையே இல்லை. "காசை வாங்கிட்டு ஏமாத்திட்டாங்க" என்று கொடுத்தவர் வழக்குப் போடவும் முடியாது. சட்டவிரோதமான நோக்கத்துக்காகச் செய்த ஒப்பந்தம் செல்லாது என்று 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவு சொல்கிறது. ஆக, வாங்கினது குற்றம், வாக்கை மீறினது குற்றமில்லை. ஒரு பக்கத்தில் பதில் முடிந்துவிட்டது.

ஆனால் இதே கேள்வி நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தபோது உச்ச நீதிமன்றமே திணறியது. 1993இல் நரசிம்ம ராவ் அரசு மீதான நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் லஞ்சம் வாங்கிக்கொண்டு வாக்களித்ததாகச் சில எம்.பி.க்கள் மீது வழக்கு வந்தது. 1998இல் ஐந்து நீதிபதிகளில் மூன்று பேர் சொன்ன தீர்ப்பின்படி, பணம் வாங்கிக்கொண்டு சொன்னபடி வாக்களித்தவர்களுக்கு அரசியலமைப்பின் 105(2)ஆவது பிரிவு (அவையில் போட்ட வாக்குக்காக உறுப்பினர் மீது வழக்குப் போட முடியாது என்பது) பாதுகாப்புத் தந்தது. பணம் வாங்கியதாகச் சொல்லப்பட்டு, வாக்களிக்காமல் இருந்துவிட்டவருக்கு அந்தப் பாதுகாப்புக் கிடைக்கவில்லை. அதாவது லஞ்சத்துக்கு விசுவாசமாக இருந்தவர் தப்பித்தார், இல்லாதவர் மாட்டினார். 26 வருடம் இதுதான் நாட்டின் சட்டம். 2024 மார்ச் 4 அன்று சீதா சோரன் வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. லஞ்சத்தை வாங்கிய அந்த நேரத்திலேயே குற்றம் முழுமையாகிவிடுகிறது, அதற்குப் பிறகு எப்படி வாக்களித்தார் என்பது முக்கியமில்லை என்றது.

அரசியல் அறத்தில் ஆர்வமுள்ள சட்ட மாணவருக்கு இந்த இரண்டு தீர்ப்புகளுக்கு நடுவில் இருக்கும் தூரமே ஒரு தீசிஸ். இன்னொன்றும் இருக்கிறது. வாக்குச்சாவடியைக் கைப்பற்றினால் தேர்தலை ரத்துசெய்ய மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 58ஏ என்று தனிப்பிரிவு உண்டு. பணப் பட்டுவாடாவுக்கு அப்படி ஒன்று இல்லை. அரசியலமைப்பின் 324ஆவது பிரிவு தரும் பொதுவான அதிகாரத்தை நம்பித்தான் தேர்தல் ஆணையம் நடவடிக்கை எடுத்தது. தேர்தல் அறிக்கையில் இலவசம் அறிவிப்பது ஊழல் நடவடிக்கை ஆகாது என்ற 2013ஆம் ஆண்டு சுப்பிரமணியம் பாலாஜி தீர்ப்பும் 2022இல் மறுபரிசீலனைக்காக மூன்று நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டது. கலர் டிவிக்கும் கவரில் வரும் பணத்துக்கும் அறத்தில் என்ன வித்தியாசம் என்று வாதாட ஆசைப்படுபவருக்குச் சட்டத்துறை நல்ல இடம்.

குறை என்னவென்றால், சட்ட ஆராய்ச்சி பிடிபட்டதைத்தான் பார்க்கும். நீதிமன்றம் வரை வந்த வழக்கு, அதில் வந்த சாட்சி, அதன் மேல் வந்த தீர்ப்பு, இவைதான் அதன் உலகம். கவரை வாங்கி அரிசி டப்பாவுக்குள் வைத்த பெண்மணி அந்தக் காகிதங்களில் எங்கேயும் வரமாட்டார்.

தத்துவம்

தத்துவத்தில் சேர்ந்தால், அந்தப் பெண்மணி நேரில் வராவிட்டாலும் அவருடைய நியாயம் முழுதாக விசாரிக்கப்படும். கேள்வியை அங்கே முதலில் இரண்டாகப் பிரிப்பார்கள். ஒன்று, ஓட்டை விற்பது ஏன் தப்பு? இரண்டு, தப்பான ஒன்றைச் செய்வதாகக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றும் கடமை உண்டா?

முதல் கேள்விக்கே ஒருமித்த பதில் கிடையாது. ஜேசன் பிரென்னன் 2011இல், பொதுநலனுக்கு உகந்த வேட்பாளருக்கே ஒருவர் ஓட்டுப் போடுகிறார் என்றால், அதற்காகக் காசு வாங்குவதில் மட்டும் தனியாக ஒரு தவறு இல்லை என்று வாதிட்டார். படித்தவுடன் கோபம் வரும். வரட்டும், ஆனால் கோபம் பதிலாகாது, மறுப்பை எழுத வேண்டும். எழுத உட்கார்ந்தால்தான் தெரியும், நாம் இதுவரை தப்பு என்று சொல்லிக்கொண்டிருந்ததற்குக் காரணம் எதுவும் யோசித்து வைத்திருக்கவில்லை என்று. டெப்ரா சாட்ஸ் 2010இல் வேறு பாதையில் போனார். விற்பவர் எவ்வளவு நெருக்கடியில் இருக்கிறார், என்ன வாங்குகிறோம் விற்கிறோம் என்பது அவருக்கு எவ்வளவு தெரியும், அந்த வியாபாரம் சமூகத்தில் எல்லோரும் சமம் என்ற நிலையை எவ்வளவு குலைக்கும் என்று பார்த்து, சில சந்தைகளைத் தடுக்கத்தான் வேண்டும் என்றார். இந்த இருவரையும் எதிரெதிரே வைத்து நம் ஊர் நிலைமையைக் கொண்டு சோதித்தால் அருமையான ஆராய்ச்சி வரும்.

பணம் கொடுப்பவர் பக்கத்துக்கும் தத்துவத்தில் இடம் உண்டு. 1973இல் மைக்கேல் வால்சர் 'கறைபட்ட கைகள்' என்ற பிரச்சினையை எழுதியபோது எடுத்துக்கொண்ட முதல் உதாரணமே தேர்தல்தான். நல்லது செய்ய நினைக்கும் ஒரு வேட்பாளர், ஜெயிப்பதற்காக ஓட்டுகளைக் கையில் வைத்திருக்கும் ஊழல் பேர்வழியான ஒரு வார்டுத் தலைவரோடு, பள்ளிக்கூடக் கட்டட கான்ட்ராக்ட் விஷயத்தில் பேரம் பேச வேண்டியிருக்கிறது. பேசலாமா? பேசலாம், ஆனால் அது தப்பு என்ற உணர்வோடும் அதன் பாரத்தைச் சுமந்துகொண்டும்தான் பேச வேண்டும், அந்தப் பாரமே இல்லாதவரை நம்ப முடியாது என்பதுதான் வால்சரின் நிலை. அதற்கு 54 வருடம் முன்னால், 1919இல் மியூனிக்கில் பேசிய மாக்ஸ் வெபர், கொள்கைக்காக நிற்கும் அறத்தையும் விளைவுக்குப் பொறுப்பேற்கும் அறத்தையும் பிரித்துக் காட்டினார். எந்தக் கட்சியிலும் வட்டச் செயலாளர் அளவில் இருப்பவர்களோடு ஒரு மணி நேரம் மனம்விட்டுப் பேசினால், இந்த இரண்டையும் அவர்கள் வாய்மொழியாகவே கேட்கலாம்.

தமிழ்த் துறை வழியாக வருபவர்கள் குறளை எடுத்துக்கொள்வார்கள். பொருட்பாலில் 70 அதிகாரம் இருப்பதால் அரசியல் அறத்துக்குக் குறைவில்லை. ஆனால் அது பெரும்பாலும் அரசனுக்கும் அமைச்சனுக்கும் சொன்ன அறம். ஓட்டுப் போடும் குடிமகன் அங்கே இருக்க வழியில்லை. அந்த இடைவெளியை நேர்மையாகச் சந்திக்காமல் குறளைத் தேர்தலுக்குப் பொருத்தும் ஆய்வேடுகள் என்னைப் பொறுத்தவரை பாதி வேலைதான் செய்திருக்கின்றன.

தத்துவத்துக்குச் செலவு குறைவு. புத்தகம், கட்டுரை, நல்ல கைடு, வாரம் ஒரு முறை யாராவது உங்கள் வாதத்தைக் கிழித்துப் போடும் செமினார், இவ்வளவுதான் தேவை. கடைசியாகச் சொன்னது நம் பக்கத்தில் எளிதில் கிடைக்காது. அது இல்லாமல் தத்துவ ஆராய்ச்சி செய்தால், பெரியவர்கள் சொன்னதைத் தொகுத்துக் கொடுப்பதாக முடிந்துவிடும்.

எண்ணிப் பார்க்கும் இரண்டு துறைகள்

அரசியல் அறிவியலும் பொருளியலும் இந்த விஷயத்தில் பக்கத்துப் பக்கத்து வீடுகள். இரண்டும் 'சரியா தப்பா' என்று நேராகக் கேட்காது. எவ்வளவு நடக்கிறது, எப்படி வேலை செய்கிறது என்று கேட்கும். அதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். எவ்வளவு என்பதே தெரியாமல் அறம் பேசுவதுதான் நாம் வழக்கமாகச் செய்துகொண்டிருப்பது.

"நீங்க பணம் வாங்கினீங்களா?" என்று சர்வே எடுத்தால் யாரும் ஆமாம் என்று சொல்ல மாட்டார்கள். அதற்கு அரசியல் அறிவியலில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள், பட்டியல் சோதனை என்று சொல்லலாம். ஆட்களைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரிப்பார்கள். முதல் குழுவிடம் நான்கு விஷயம் உள்ள ஒரு பட்டியல் போகும்: கட்சிக்காரர்கள் போஸ்டர் ஒட்டினார்கள், வீட்டுக்கு வந்தார்கள் என்பது போல. இரண்டாவது குழுவின் பட்டியலில் அதே நான்கோடு ஐந்தாவதாக 'பரிசோ உதவியோ கொடுத்தார்கள்' என்பதும் இருக்கும். எது எது நடந்தது என்று சொல்ல வேண்டாம், மொத்தம் எத்தனை நடந்தது என்று எண்ணிக்கையை மட்டும் சொல்லுங்கள் என்பார்கள். இரண்டு குழுவின் சராசரிக்கும் உள்ள வித்தியாசம்தான் பரிசு வாங்கியவர்களின் விகிதம். யார் வாங்கினார் என்பது ஆராய்ச்சியாளருக்கே தெரியாது. நிகராகுவாவில் 2008 உள்ளாட்சித் தேர்தலுக்குப் பிறகு இப்படிக் கேட்டபோது சுமார் 24 சதவீதம் வந்தது. நேராகக் கேட்டபோது ஆமாம் என்றவர்கள் 2 சதவீதம் அளவுக்குத்தான். அந்த நடுவில் காணாமல் போன 22 சதவீதத்தைப் பாருங்கள். தாங்கள் செய்தது வெளியே சொல்லக் கூடாதது என்று அந்த மக்களே நினைக்கிறார்கள். அறம் பற்றிய ஒரு தகவலை எண்ணிக்கை வழியாகவே பிடித்துவிட்டார்கள். எனக்கு இந்த முறை மீது பெரிய மரியாதை உண்டு.

நம் கேள்விக்கு இன்னும் நெருக்கமாகப் போவது சூசன் ஸ்டோக்ஸ் 2005இல் அர்ஜென்டினாவை வைத்து எழுப்பிய புதிர். ரகசிய வாக்கு இருக்கிறது, யார் யாருக்குப் போட்டார் என்று தெரியாது. அப்புறம் எதை நம்பிக் கட்சிகள் பணம் கொடுக்கின்றன? உள்ளூர்த் தரகர்கள் மக்களை அருகிலிருந்து பார்த்து ஓரளவு ஊகித்துவிடுகிறார்கள், அந்தப் பயம் வேலை செய்கிறது என்பது அவர் பதில். இல்லை, பணம் கட்சியை மாற்ற அல்ல, ஏற்கெனவே நம் பக்கம் இருப்பவரை வீட்டிலிருந்து கிளப்பிச் சாவடிக்குக் கொண்டுவரத்தான் என்றார் 2008இல் சைமன் நிக்டர்.

பொருளியலாளர்கள் ஃபினானும் ஷெக்டரும் 2012இல் பராகுவே கிராமங்களிலிருந்து வேறு ஒரு விடை கொண்டுவந்தார்கள். யார் நன்றி மறவாதவர் என்பதை விளையாட்டு மாதிரியான ஒரு சோதனையால் முன்பே அளந்திருந்தார்கள். பிறகு பார்த்தால், தரகர்கள் அந்த நன்றி மறவாதவர்களைத்தான் தேடிப் பிடித்துப் பணம் கொடுத்திருந்தார்கள். அதாவது ஒரு மனிதரிடம் இருக்கும் நல்ல குணத்தைத்தான் ஓட்டு வியாபாரம் பிடித்துக்கொள்கிறது. கற்பூரம் அணைத்துச் சத்தியம் வாங்கும் நம் ஊர் வழக்கத்தைப் பற்றிக் கேள்விப்பட்ட யாருக்கும் இது புரியும். "வாங்கிக்கோங்க, ஆனா மாத்திப் போடுங்க" என்ற மேடைப் பேச்சு ஏன் சிலரிடம் எடுபடுவதில்லை என்பதற்கும் இதில் பதில் இருக்கிறது.

பொருளியலின் இன்னொரு பலம், ஏற்கெனவே பொதுவில் கிடக்கும் காகிதத்திலிருந்து உண்மையை எடுப்பது. வேட்பாளர்கள் சொத்தும் குற்ற வழக்கும் சொல்ல வேண்டும் என்று 2002இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு பிரமாணப் பத்திரங்கள் குவிந்தன. ஃபிஸ்மன், ஷுல்ஸ், விக் ஆகிய மூவரும் ஜெயித்தவர்களையும் அவர்களுக்கு அடுத்து வந்து தோற்றவர்களையும் ஒப்பிட்டு, ஜெயித்தவர்களின் சொத்து ஆண்டுக்கு 3 முதல் 5 சதவீதம் வரை கூடுதலாக வளர்ந்ததாக 2014இல் காட்டினார்கள். ஓட்டுக்குக் கொடுத்த பணத்தை எங்கே எடுக்கிறார்கள் என்று கேட்பவர் இங்கிருந்து தொடங்கலாம்.

சரி, இதன் மறுபக்கம். எண்ணிக்கையில் பிடிபடாததை இல்லாதது போல நடத்தும் பழக்கம் இந்தத் துறைகளில் சுலபமாக ஒட்டிக்கொள்ளும். அதைவிடப் பெரிய கவலை, ஆராய்ச்சியே தேர்தலுக்குள் தலையிடுவது. 2014இல் ஸ்டான்ஃபோர்டு, டார்ட்மவுத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஒரு லட்சம் வாக்காளர்களுக்கு, கட்சி சார்பில்லாத நீதிபதி வேட்பாளர்களை இடது வலது என்று வரிசைப்படுத்திய துண்டறிக்கையை மாநில முத்திரையோடு அனுப்பினார்கள். பெரிய எதிர்ப்பு எழுந்து இரண்டு பல்கலைக்கழகங்களும் மன்னிப்புக் கேட்டன. அரசியல் அறத்தை ஆராயப் போகிறவர் தன் ஆராய்ச்சியின் அறத்தைத் தனி அத்தியாயமாக எழுதத் தயாராக இருக்க வேண்டும். நடைமுறைப் பக்கம் பார்த்தால், சொந்தமாக சர்வே எடுக்கப் பணம் வேண்டும். பொருளியலுக்குப் புள்ளியியலும் ஆர், ஸ்டேட்டா மாதிரி மென்பொருளும் கைவர வேண்டும். கணக்கில் பயம் உள்ளவர்கள் முதல் வருடத்திலேயே மூச்சு வாங்குவார்கள்.

தெருவில் நின்று பார்ப்பது

மானிடவியல் மட்டும்தான் அந்தக் கவர் கை மாறும் இடத்தில் நிற்கிறது. வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்னால், இருட்டிய பிறகு, வாக்காளர் பட்டியலின் ஜெராக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு இருவர் வருகிறார்கள். "அக்கா, வீட்ல எத்தன ஓட்டு?" நாலு என்றால் பட்டியலில் நாலு பெயருக்கும் டிக். திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் வருவானா என்று ஒரு விசாரிப்பு. வருவான் என்றால் அவன் பங்கும் உண்டு. கொடுப்பவர் அந்நியர் இல்லை, ரேஷன் கார்டு திருத்தத்துக்கும் ஆஸ்பத்திரி சிபாரிசுக்கும் கூட வந்த அதே பையன். மறுநாள் காலையில் பக்கத்துத் தெருவில் சண்டை: "அவங்களுக்கெல்லாம் வந்துச்சு, எங்க தெரு மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?" இந்தக் கோபத்தைச் சட்டப் புத்தகத்தில் எங்கே வைப்பீர்கள்? குற்றம் செய்ய வாய்ப்புக் கிடைக்கவில்லை என்ற கோபமா அது? தங்களை ஆளாக மதிக்கவில்லை என்ற கோபம். அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காதில் கேட்க வைப்பதுதான் இந்தத் துறையின் பயன்.

லிசா பியார்க்மன் மும்பையின் 2012 மாநகராட்சித் தேர்தலை அருகிலிருந்து பார்த்து 2014இல் எழுதிய கட்டுரை, அங்கே ஓடிய பணத்தை ஓட்டின் விலை என்று மட்டும் பார்த்தால் தப்பாகப் புரிந்துகொள்வோம் என்கிறது. யாருக்கு யாரைத் தெரியும், யார் பேச்சு எங்கே எடுபடும், நாளைக்கு ஒரு காரியம் என்றால் யார் முடித்துத் தருவார் என்பதையெல்லாம் அந்தப் பணம் காட்டிக்கொடுக்கிறது. பிலிப்பைன்ஸில் ஆய்வு செய்த ஃபிரெடெரிக் ஷாஃபர், "ஓட்டை விற்காதீர்கள்" என்று வசதியானவர்கள் நடத்தும் விழிப்புணர்வுப் பிரசாரம் ஏழைகள் காதில் அவமதிப்பாக விழுவதைப் பதிவு செய்தார். தேர்தல் நேரத்தில் சுவரெல்லாம் ஒட்டப்படும் 'என் ஓட்டு விற்பனைக்கு அல்ல' வகை வாசகங்களை இதைப் படித்த பிறகு அதே கண்ணோடு பார்க்க முடியாது.

இதில் இருக்கும் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். வாங்குவதும் குற்றம் என்று மேலே பார்த்தோம். அப்படியென்றால், உங்களை நம்பி "ஆமா தம்பி, வாங்கினேன்" என்று சொல்பவர் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறார். வழக்கறிஞரிடம் அவருடைய வழக்குக்காரர் சொன்னதற்கு இருக்கும் சட்டப் பாதுகாப்பு, ஆராய்ச்சியாளருக்குச் சொன்னதற்கு இல்லை. பெயர், தெரு, வார்டு எதுவும் உங்கள் நோட்டில் இருக்கக் கூடாது. போன் பதிவை வைத்துக்கொள்வது இன்னும் மோசம். இந்த விஷயத்தைக் கைடு முதல் சந்திப்பிலேயே எடுத்துப் பேசவில்லை என்றால் நீங்கள் எடுங்கள். அப்புறம், மக்கள் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்து, நடப்பதெல்லாம் அதனதன் இடத்தில் நியாயம்தான் என்ற முடிவுக்கு வழுக்கிப் போகும் சபலம் மானிடவியலில் அதிகம். புரிந்துகொள்வதும் சரி என்பதும் வேறு வேறு. அதைப் பிரித்துப் பார்க்க இந்தத் துறை தானாகக் கற்றுத் தராது.

வரலாறு பற்றிச் சுருக்கமாக

தற்காலத் தேர்தலில் ஆர்வமுள்ளவருக்கு வரலாறு முதல் தேர்வாக இருக்காது. ஆனால் நாம் புதிது என்று நினைப்பது பழையது என்று காட்ட அதைவிட நல்ல துறை இல்லை. பிரிட்டனில் 19ஆம் நூற்றாண்டு முழுக்க வாக்காளருக்கு விருந்தும் மதுவும் பணமும் ஓடின. 1872இல் ரகசிய வாக்கு வந்தது, 1883இல் ஊழல் தடுப்புச் சட்டம் வந்து வேட்பாளர் செலவுக்கு உச்சவரம்பு போட்டது. ரகசிய வாக்கு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையை நியூயார்க் கிராமப்புறம் பொய்யாக்கியது. அங்கே 1890க்குப் பிறகு, ஓட்டுப் போடுவதற்குக் கொடுத்த பணம், எதிர்க்கட்சிக்காரர் ஓட்டுப் போட வராமல் வீட்டிலேயே இருப்பதற்குக் கொடுக்கும் பணமாக மாறியதை காக்ஸ், கௌசர் என்ற இரு ஆய்வாளர்கள் 1981இல் காட்டினார்கள்.

நம் பக்கத்தில் உத்திரமேரூர் இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 920ஐ ஒட்டி வெட்டப்பட்ட அந்தக் கல்வெட்டுகள், பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினர்களையும் குடவோலையில் பெயர் போடத் தகுதியற்றவர் ஆக்குகின்றன. இன்றைய மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 10ஏ பிரிவில், தேர்தல் செலவுக் கணக்குக் கொடுக்காதவருக்கு மூன்று வருடத் தகுதி நீக்கம். உத்திரமேரூரின் அந்த ஊர்ச்சபை நிலம் வைத்திருந்த பிராமணர்களின் சபை என்பதை மறைத்துவிட்டுப் பெருமை பேசுவது வரலாறு ஆகாது. ஆனால் கணக்குக் கேட்பது அரசியல் அறத்தின் எவ்வளவு பழைய கருவி என்பதற்கு அது நல்ல சான்று.

நான் யாருக்கு எதைச் சொல்வேன்

ஓட்டுக்குப் பணம், தரகர், இலவசம், சிபாரிசு மாதிரி மக்கள் அன்றாடம் தொடும் விஷயங்களில் அரசியல் அறத்தை ஆராய வேண்டும் என்றால், என் முதல் பரிந்துரை களஆய்வை மையமாக வைத்த அரசியல் அறிவியல். மானிடவியலின் காதும் எண்ணிக்கையின் கட்டுப்பாடும் ஒரே இடத்தில் கிடைக்க அங்கேதான் வாய்ப்பு அதிகம். ஆனால் ஒரு நிபந்தனையோடு: முதல் வருடத்தில் தத்துவத்தை ஒழுங்காகப் படிக்க வேண்டும். பிரென்னனுக்குச் சொந்தமாக ஒரு மறுப்பு எழுதிப் பார்க்காமல் களத்துக்குப் போகாதீர்கள். போனால், கேட்டதையெல்லாம் எழுதிக்கொண்டு வருவீர்கள், அதில் எது சரி என்று கேட்கும்போது பேச்சு வராது. ஓட்டை விற்பது தப்பா என்ற கேள்வியே உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்றால் மட்டும் தத்துவத்தில் சேருங்கள். அந்த அளவுக்கு இல்லை என்றால் அங்கே தனிமை தாங்காது.

ஏற்கெனவே சட்டம் படித்தவர் அதை விட்டு வர வேண்டாம். சீதா சோரன் தீர்ப்புக்குப் பிறகு செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. பொருளியல் எம்.ஏ.வில் கணக்கை ரசித்துச் செய்தவருக்குப் பிரமாணப் பத்திரங்களே போதும், பல வருட வேலை அதில் இருக்கிறது.

பல துறைகளையும் சேர்த்து நடத்தும் அற ஆய்வு மையங்கள் வெளிநாட்டில் உண்டு. ஹார்வர்டில் 1986இல் டென்னிஸ் தாம்ப்சன் தொடங்கியது அப்படிப்பட்டது. தனிமனிதர் கெட்டவராக இல்லாமலே ஒரு அமைப்பு தன் நோக்கத்திலிருந்து வழுவிப் போவது பற்றிய ஆராய்ச்சி அங்கே வளர்ந்தது. பி.எச்டி. முடித்த பிறகு ஓரிரு வருடம் இருக்க அருமையான இடங்கள். பி.எச்டி.யையே 'பல்துறை' என்று செய்வதை நான் ஊக்கப்படுத்த மாட்டேன். இந்தியாவில் கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வு பாடவாரியாகத்தான் நடக்கிறது, உதவிப் பேராசிரியர் வேலைக்குப் பாடம் பொருந்த வேண்டும். அரசியல் அறம் என்ற பெயரில் காலிப் பணியிடம் வராது, அரசியல் அறிவியல் என்றுதான் வரும். வேலையைப் பற்றி யோசிப்பதை யாரும் குறைவாக நினைக்க வேண்டாம். வீட்டில் ஒருவர் சம்பாதிக்காமல் ஐந்து வருடம் படிப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று நமக்குத் தெரியும். ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய் வரும். கிடைக்காதவர், சொந்த சர்வே தேவைப்படும் தலைப்பை எடுக்காமல் இருப்பது நல்லது. யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி குறைந்தது மூன்று வருடம், பொதுவாக அதிகபட்சம் ஆறு. உங்கள் மாவட்டத்தில் சட்டமன்றத் தேர்தலோ உள்ளாட்சித் தேர்தலோ அந்தக் காலத்துக்குள் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். களஆய்வு செய்கிறவருக்குத் தேர்தல் தவறிவிட்டால் தீசிஸே தவறிவிடும்.

இன்னொன்று, துறையின் பெயரைவிடக் கைடு முக்கியம். விண்ணப்பிப்பதற்கு முன், இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் திரட்டி வைத்திருக்கும் ஷோத்கங்கா தளத்தில் அவரிடம் படித்த மாணவர்களின் ஆய்வேடுகள் இரண்டு மூன்றை இறக்கிப் பாருங்கள். முன்னுரையை விட்டுவிடுங்கள், அது எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கும். மூன்றாவது, நான்காவது அத்தியாயத்துக்குப் போங்கள். மாணவர் யாரிடமாவது நேரில் பேசியிருக்கிறாரா, அல்லது ஒரு வாதத்தைத் தானே கட்டியிருக்கிறாரா, அல்லது ஒரு எண்ணைத் தானே கணக்கிட்டிருக்கிறாரா என்று பாருங்கள். மூன்றில் ஒன்றுகூட இல்லையென்றால், அந்தத் துறை எதுவாக இருந்தாலும் அடுத்த கைடைத் தேடுங்கள்.